சுதந்திரக் கலைஞன் யாருக்குக் கணக்குக் காட்டுவது?

மனிதனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் எவருமில்லை. ஆனால் சுதந்திரம் என்பது யாது என்று வினவினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "நம்மைக் கேட்பதற்கு ஆளில்லாத நிலை" என்றே விடை கூறுவர். கேட்பதற்கு ஆளில்லாத நிலை உண்மையிலேயே சுதந்திரமாகுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். இதனை வெறும் வேதாந்தமாகப் பேசாமல், இந்நாளில் நம் இளைஞர் பலரின் மனத்தைக் கவர்ந்து நிற்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம். அத்தொழில் சினிமா, அதிலும், பெரிய முதலாளிகளின் துணையின்றிச் சிலர் கூடித் தம் முயற்சியால் எடுக்கும் சுதந்திரப் படம்.

பினாங்குத் தீவின் மேற்கே, மலைக்கு அப்பால், டுரியானும் ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் நம் பாலிக் புலாவ் வட்டாரத்திலுங்கூட, "படம் எடுக்கப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதைக் கேட்ட பெற்றோர் திடுக்கிடுவதும் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஏற்பட்ட நாள் முதல், இத்தீவில் வாழும் ஏழைக் குடும்பத்திற்கு மாதச் சம்பளம் என்பது கண்ணுக்குத் தெரிந்த பாதை. பால்மரம் சீவியும் பெரட்டுக்கு நின்றும் வாழ்ந்த பாட்டன் பாட்டிக்குப் பின், பேரனாவது நிழலில் அமர்ந்து வேலை செய்யட்டும் என்று எண்ணுவது குற்றமன்று. ஆகவே தந்தை கேட்கிறார்: "சோறு போடுமா?" மகன் தன்னுள் கேட்டுக்கொள்கிறான்: "பேர் கிடைக்குமா?" இவ்விரு கேள்விகளுக்கும் இடம் உண்டு. ஆனால் இவ்விரண்டைக் காட்டிலும் பெரியதொரு கேள்வி உண்டு. அதைத் தந்தையும் கேட்பதில்லை, மகனும் கேட்பதில்லை. "நீ எடுக்கும் படத்திற்கு நீ யாருக்கு விடை சொல்ல வேண்டியவன்?" என்பதே அது.

பெரிய சினிமாவில் இக்கேள்விக்கு விடை எளிது. பணம் போட்டவருக்கு விடை சொல்ல வேண்டும். நட்சத்திரம் கால்ஷீட் கொடுத்த பிறகு கதை பிறக்கிறது. விநியோகஸ்தர் விரும்பும் இடத்தில் பாட்டு நுழைகிறது. கதாநாயகன் நூறு பேரை அடித்து வீழ்த்துகிறான். அப்படம் கடல் கடந்து இங்கு வரும்போது, நம் இளைஞரிற் சிலர் அவனுடைய உருவப் பலகைக்குப் பாலாபிஷேகம் செய்கின்றனர். கல்லுக்குப் பால் ஊற்றுவதைக் கண்டித்த சீர்திருத்தக்காரர், பலகைக்குப் பால் ஊற்றுவதை எவ்வாறு பொறுப்பர்? 1929 டிசம்பரில் இதே பினாங்கில் வந்திறங்கி மலாயாத் தமிழரிடையே சுயமரியாதைப் பிரசாரம் செய்த பெரியார், பிற்காலத்தில் நாட்டைப் பீடித்த ஐந்து நோய்களுள் சினிமாவையும் ஒன்றாக எண்ணினார். அவரிடம் பயின்ற அண்ணாவும் கருணாநிதியுமோ, 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) ஆகிய படங்களுக்கு எழுதி, அதே சினிமாவைச் சீர்திருத்தக் கருவியாக்கினர். ஆசான் நோய் என்றதை மாணவர் மருந்து என்றனர். இரு திறத்தாரும் ஒன்றை ஒப்புக்கொண்டனர்: சினிமா மனத்தை மாற்றும் ஆற்றலுடையது. ஆற்றலுடைய பொருளைக் கையாளுபவன் விடை சொல்லக் கடமைப்பட்டவன். முதலாளியின் கையிலிருந்து அப்பொருளை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டவனுக்கு அக்கடமை குறைவதில்லை, கூடுகிறது. மேலே இருந்து கணக்குப் பார்ப்பவர் இல்லாதபோது, தானே தன் கணக்கைப் பார்க்க வேண்டியவனாகிறான் அல்லவா?

இனி, இத்தொழிலைக் கற்பது எங்ஙனம் என்று பார்ப்போம். கல்லூரியில் இடங்கிடைத்தால் நல்லதே. மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், கோலாலம்பூரில் உள்ள அஸ்வாராவிலும் திரைப்படக் கல்வி உண்டு. ஆயினும் கல்லூரிக்கு வெளியே கற்றவர் வரிசையும் சிறிதன்று. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார்; 1914-இல் கோயமுத்தூரில் நிலையான கொட்டகையும் கட்டினார். சென்னையில் மோட்டார் வியாபாரம் செய்த நடராஜ முதலியார், ஓர் ஆங்கிலப் படப்பிடிப்பாளரிடம் காமிராவைக் கையாளப் பழகி, முதல் உலகப் போர்க் காலத்தில் 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தை எடுத்தார். மின்விளக்கு வசதியில்லாத அக்காலத்தில், வெள்ளைத் துணியைக் கூரையாகக் கட்டி வெயிலை வடிகட்டி ஒளி அமைத்தார். தமிழரின் முதற் கதைப்படம் இவ்வாறு ஒரு வியாபாரியின் ஆவலாற் பிறந்தது.

வங்காளத்தின் சத்யஜித் ராய் கற்ற முறையை நம் இளைஞர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர் கல்கத்தாவில் ஒரு பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில் சித்திரம் வரையும் வேலையில் இருந்தார். ஒரு நாவல் படமாகப் போகிறது என்று செய்தி வந்தால், அப்படம் வெளிவரும் முன்னரே அந்நாவலுக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைப்பார். படம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 1947-இல் நண்பர்களுடன் கூடிக் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை அமைத்தார். 1950-இல் கம்பெனி வேலையாக லண்டன் சென்றபோது, சில மாதங்களில் 99 படங்களைப் பார்த்தார். அவற்றுள் ஒன்றான 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படமே, நட்சத்திரமும் அரங்கமும் இன்றித் தெருவிலேயே மகத்தான படம் எடுக்கலாம் என்ற துணிவை அவருக்குக் கொடுத்தது. 1952-இல் 'பதேர் பாஞ்சாலி' தொடங்கியபோது, அவருடைய படப்பிடிப்பாளர் சுப்ரதா மித்ரா இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். அதற்குமுன் அவர் சினிமாக் காமிராவைத் தொட்டதில்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கருவி பின்னர் வரலாம். காணும் கண் முன்னர் வர வேண்டும் என்பதே. காசில்லாமல் செய்யத்தக்க கல்வி இது: ஒரு சிறுகதையைக் காட்சிகளாகப் பிரித்து எழுதுதல், ஒரு படத்தை ஒலியை அடக்கிப் பார்த்துக் காட்சி எவ்வாறு கதை சொல்கிறது என்று அறிதல், பின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஒலி என்ன சொல்கிறது என்று அறிதல். இவற்றைச் செய்யாதவன் கையில் எத்துணை விலையுயர்ந்த காமிரா இருந்தாலும் பயனில்லை.

நம் தீவிலேயே பிறந்த ஒருவரின் சான்றும் உண்டு. 1929-இல் பினாங்கில் பிறந்த பி. ராம்லி, 1948-இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவிற்குச் சென்றபோது டைரக்டராகச் செல்லவில்லை; பின்னணி பாடவும் சிறு வேடம் போடவும் சென்றார். அந்நாளில் அங்கே படங்களை இயக்கியவர் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்: பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எஸ். ராமநாதன், எல். கிருஷ்ணன், பி. என். ராவ் முதலியோர். அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே தொழிலறிந்து, 1955-இல் 'பெனாரிக் பெச்சா'வை, அதாவது ஒரு திரிஷாக்காரனின் கதையை, அவர் தாமே இயக்கினார். மலாய் சினிமாவின் தலைமகன் இந்தியத் தொழிலாளரின் பட்டறையில் பயின்றான் என்பது இரு சமூகத்தாரும் மறக்கத்தகாத செய்தி. கலைக்குச் சாதி இல்லை, இனம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? ஆனால் அதே ராம்லி, பிற்காலத்தில் கோலாலம்பூரில் ஆதரவிழந்து, 1973-இல் 44-ஆம் வயதில் வறுமையில் மறைந்தார். அவர் பெயர் இன்று தெருக்களுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பேர் வேறு, சோறு வேறு என்பதற்கும் இதுவே சான்று.

நிற்க. கருவியின் விலை குறைந்துவிட்டது என்பது இக்காலத்தின் பெரிய மாற்றம். முன்னாளில் படச்சுருளின் விலையே ஏழையை வெளியே நிறுத்தியது. 2000-ஆம் ஆண்டில் அமீர் முகம்மது டிஜிட்டல் வீடியோவில் 'லிப்ஸ் டு லிப்ஸ்' எடுத்தது முதல் மலேசியாவில் அந்தக் கதவு திறந்தது. அவரும் ஜேம்ஸ் லீ, லியூ செங் தாட், தான் சுய் முய் ஆகியோரும் 2005-இல் 'டா ஹுவாங் பிக்சர்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை அமைத்து, ஒருவர் படத்தில் ஒருவர் வேலை செய்து உதவிக்கொண்டனர். குவாந்தான் அருகே ஒரு மீனவர் கிராமத்தில் பிறந்த தான் சுய் முய், தம் முதற் படத்திற்காக 2007-இல் ராட்டர்டாம் விழாவின் உயர்ந்த பரிசைப் பெற்றார். மீனவர் குடியிற் பிறந்த பெண் இதைச் செய்தாள் என்பதை, "பெண்பிள்ளைக்குச் சினிமா ஆகாது" என்று கூறும் நம் பெரியோர் சிந்திப்பாராக. நம் தமிழருள்ளும் விமலா பெருமாள் 'விளையாட்டுப் பசங்க' (2011), 'வெட்டி பசங்க' (2014), 'வெடிகுண்டு பசங்க' (2018) என அடுத்தடுத்துப் படம் இயக்கியிருக்கிறார். இன்றோ கையிலுள்ள தொலைபேசியே காமிரா. ஆகவே "கருவி இல்லை" என்ற சாக்குப் போய்விட்டது. எஞ்சி நிற்பவை உண்மையான இடர்கள் இரண்டு: ஒன்று பிழைப்பு, மற்றொன்று கடமை.

பிழைப்பைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். "வேலையை உதறிவிட்டு வந்தவனே உண்மைக் கலைஞன்" என்ற ஒரு கொள்கை இளைஞரிடையே பரவியிருக்கிறது. இதனை நாம் ஒப்பவில்லை. ராய் 'பதேர் பாஞ்சாலி' எடுத்தபோது விளம்பரக் கம்பெனி வேலையை விடவில்லை. ஓய்வு நாட்களிலும் விடுமுறையிலும் எடுத்தார். பணம் தீர்ந்தபோது மனைவியின் நகைகளை அடகு வைத்தார். படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. மேற்கு வங்க அரசாங்கம் உதவிய பின்னரே 1955-இல் படம் முடிந்தது. நம் நாட்டில் 'செப்பெட்' எடுத்த யாஸ்மின் அகமதும் விளம்பர நிறுவனமொன்றில் பணிபுரிந்தவரே. அவர் உத்தியோகத்திற்காக எடுத்த சிறு விளம்பரப் படங்களிலேயே மலாய், சீன, இந்திய மக்களின் உறவை மனங்கொள்ளுமாறு காட்டினார். அமெரிக்கரான ராபர்ட் ரோட்ரிகஸ், 1992-இல் வெளிவந்த தம் முதற்படத்திற்குச் சுமார் 7,000 டாலர் செலவிட்டார். அப்பணத்தின் ஒரு பகுதியை, மருந்துச் சோதனைக்குத் தம் உடலையே ஒப்படைத்து ஈட்டினார். இவர்களெல்லாம் கூலி வேலையைக் கலைக்கு இழுக்கு என்று கருதவில்லை. அக்கூலியே தம் கலையைக் காக்கும் வேலி என்று கருதினர்.

உத்தியோகம் மனிதனின் நேரத்தைத் தின்கிறது என்பது மெய்தான். எட்டு மணி நேரம் பிறர் கணக்கை எழுதியவனுக்குத் தன் எண்ணத்தை எழுதக் கை வராது. ஆயினும் வட்டிக்குக் கடன் வாங்கிப் படமெடுத்தவனின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் கொடுத்தவன் கதையில் கைவைப்பான். அல்லது வீட்டில் கைவைப்பான். நடராஜ முதலியார், ஸ்டூடியோ தீப்பற்றியதும் மகனை இழந்ததுமான துயரங்களுக்குப் பின் 1923-இல் இத்தொழிலையே விட்டு விலகினார். ஜெயகாந்தன் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965), குடியரசுத் தலைவரின் நற்சான்று பெற்றும் கொட்டகைகளில் ஓடவில்லை. ஆதலின் கல்யாண வீட்டில் வீடியோ பிடிப்பதும், கடைக்கு விளம்பரம் எடுப்பதும், பள்ளியில் பாடம் சொல்வதும், தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்வதும் இழிவல்ல. இழிவு எதுவெனில், அப்படிக் காத்த சுதந்திரத்தைக் கொண்டு நட்சத்திரப் படங்களையே சிறிய அளவில் நகலெடுப்பது. முதலாளி இல்லாதபோதும் முதலாளிக்குப் பிடித்ததையே செய்பவன், சங்கிலியைத் தன் கையாலேயே பூட்டிக்கொண்டவன்.

இனிக் கடமைக்கு வருவோம். சுதந்திரப் படம் எடுப்பவன் மூவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நம் துணிபு. தன்னோடு உழைத்தவர் ஒருவர். தன் படத்தில் காட்டப்பட்டவர் ஒருவர். அதனைக் காண வருபவர் ஒருவர்.

உழைத்தவரை முதலில் வைத்தோம், காரணம் உண்டு. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு ஒரு செய்தி நன்கு தெரியும்: செக்ரோலில் பெயர் ஏறாதவன் அன்று உழைத்தும் உழைக்காதவனே. விடியற்காலையில் பெரட்டில் நின்று, வெயிலில் நாள் முழுதும் குலை வெட்டியவனின் பெயர் தவறிவிட்டால், அவனுடைய நாள் காற்றிலே போயிற்று. நம் முன்னோர் முன்பணக் கடனிற் சிக்கி, கங்காணியின் வாக்கை நம்பி, கணக்கறியாது உழைத்த வரலாற்றை நாம் மறக்கவில்லை. அத்தகைய மக்களின் துயரைப் படமாக்குகிறேன் என்று புறப்பட்ட ஒருவன், தன் நண்பரைப் பதினாறு மணி நேரம் வேலை வாங்கி, "இது கலை, கூலி கேட்காதே" என்று சொல்வானாயின், அவன் எடுக்கும் படம் எவ்வளவு முற்போக்குப் பேசினாலும் அவன் கங்காணியின் வாரிசே ஆவான். விளக்குப் பிடித்தவனும், ஒலிவாங்கி தாங்கி நின்றவளும், சோறு சமைத்துக் கொடுத்த அம்மாவும் உழைத்தவர்களே.

"எங்களிடம் பணமே இல்லையே, எப்படிக் கூலி கொடுப்பது?" என்று வினவுவர். வினா நியாயமானதே. பணமில்லாத இடத்தில் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, தொடங்கும் முன்னரே உள்ளதை உள்ளபடி சொல்லி எழுதிக்கொள்வது: இத்தனை நாள் வேலை, இவ்வளவு கொடுக்க முடியும், பின்னர் வருவாய் வந்தால் இன்ன பங்கு என்று. இரண்டாவது, உழைப்பை உழைப்பால் ஈடுசெய்வது. டா ஹுவாங் நண்பர்களைப் போல, இன்று நீ என் படத்தில், நாளை நான் உன் படத்தில் என்று. மூன்றாவது, படத்தின் இறுதியில் ஒருவர் பெயரும் விடாமல் ஏற்றுவது. அப்பெயர்ப் பட்டியலே சினிமாவின் செக்ரோல். அது ஓடத் தொடங்கியதும் நாம் எழுந்து போய்விடுகிறோம். இருந்து படிப்பது நலம்.

இரண்டாவதாக, காட்டப்பட்டவர். நம் தோட்ட மக்களின் வாழ்வு நெடுங்காலம் திரையில் ஏறவேயில்லை. 1946-இல் நிறுவப்பட்ட மலாயாப் படப்பிரிவு தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் செய்திப் படங்கள் எடுத்தது. அத்தகைய படங்களை அரசாங்க வண்டிகள் தோட்டத் திடல்களில் திரை கட்டிக் காட்டின. அவற்றில் நமக்கு உபதேசம் இருந்தது. நம் குரல் இல்லை. 2005-இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை'யை எடுத்தபோதுதான், ரப்பர்த் தோட்டத்து லயமும் மேலே படிக்கத் துடிக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணும் நம்மவர் கையாலேயே கதைப்படமாக உருப்பெற்று, வெளிநாட்டு விழாக்களிலும் காட்டப்பட்டனர். பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பம், 1990-களின் தொடக்கம், அறிவிற் சிறந்தும் அடிபட்டு வளரும் அப்போய் என்ற சிறுவன், போதையில் வீழ்ந்த ஒரு சிற்றப்பன், குண்டர் கும்பலிற் சேர்ந்த மற்றொரு சிற்றப்பன். 'ஜகாட்' என்ற பெயரே, கெட்டவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல் நம் மக்கள் வாயில் உருமாறியது.

"நம் குறைகளை ஊரறியக் காட்டலாமா? பிற இனத்தார் என்ன நினைப்பர்?" என்று கேட்பவர் உண்டு. இதற்கு நம் விடை திட்டமானது. புண்ணை மூடி வைத்தவன் எவனும் குணமடைந்ததில்லை. பிள்ளையை அடித்து வளர்ப்பதும், பள்ளியும் வீடும் கைவிட்டவனைக் கும்பல் தத்தெடுப்பதும் நம்மிடையே நடப்பவை. அவற்றைச் சொல்வது இனத்துரோகமன்று, இனத்தொண்டு. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏழையின் கண்ணீரை அழகான சட்டகத்தில் அடைத்து அந்நிய விழாக்களுக்கு ஏற்றுமதி செய்வதும், குண்டனின் வாளைப் பளபளக்கக் காட்டிச் சிறுவர் கைதட்டல் பெறுவதும் ஒரே திருட்டின் இரு வகைகள். எது தொண்டு, எது திருட்டு என்று அறியும் உரைகல் யாது? காட்டப்பட்ட மனிதர் கொட்டகையில் நம் பக்கத்தில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தால், "இது எங்கள் வாழ்வுதான்" என்று தலைநிமிர்வாரா, கூனிக் குறுகுவாரா என்று கேட்டுப் பாருங்கள். அதுவே உரைகல்.

இவ்வுரைகல்லிற் சோதிக்க இரு படங்களைக் கூறுவோம். பி. எஸ். வினோத்ராஜ் சிறுவயதிலேயே திருப்பூர் ஆலைகளில் உழைத்தவர்; சினிமா பார்க்கலாம் என்பதற்காகவே சென்னையில் ஒரு டி.வி.டி. கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். கணவன் வீட்டார் விரட்டியதால் அவருடைய சகோதரி கைக்குழந்தையுடன் 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்தார். அந்த நடையே 'கூழாங்க'லின் வித்து. ஆனால் அவர் சகோதரியை வெயிலில் நடத்தி இரக்கம் தேடவில்லை. மனைவியை அழைத்துவரச் செல்லும் குடிகாரக் கணவனையே, சிறு மகனோடு, அந்த வெயிலில் நடக்க வைத்தார். பட்டவளின் மானத்தைக் காத்துப் படுத்தியவனை நம் முன் நிறுத்தினார். 2021-இல் ராட்டர்டாம் விழாவின் உயர்ந்த பரிசு அப்படத்திற்கு வந்தது. பரிசினும் பெரிது அந்த முடிவு. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) நம் தோட்ட மக்கள் அவசியம் காணத்தக்கது. மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒருவனுக்குச் சிறிது சொந்த நிலம் வேண்டும் என்ற ஆசை; அவ்வளவே கதை. அவனை வீரனாக்காமலும் பிச்சைக்காரனாக்காமலும், உழைப்பாளியாகவே காட்டியிருக்கிறது. இதற்குப் பணம் போட்டவர் ஒரு பெரிய நடிகர், விஜய் சேதுபதி. ஆகவே பெரிய பணமெல்லாம் தீய பணமன்று. கதையில் கைவைக்காத பணம் நல்ல பணம்.

மூன்றாவதாக, காண வருபவர். இங்கே நாம் கலைஞனை விட்டு நம்மை நோக்கியே விரலை நீட்ட வேண்டியவர்களாயிருக்கிறோம். "நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஏன் வளரவில்லை?" என்று தேநீர்க் கடையில் வருந்துவோம், அப்படம் வந்தால் "பிறகு தொலைபேசியில் வராமலா போகும்" என்று வீட்டிலிருப்போம். சென்னையிலிருந்து வரும் நட்சத்திரப் படத்திற்கோ விடியற்காலைக் காட்சிக்கே வரிசையில் நிற்போம். இரண்டும் ஒரே கொட்டகையில் இடத்திற்குப் போட்டியிடுகையில், நம் டிக்கெட்டே தீர்ப்பு. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழி அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியது குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. மலாய்க் கலைஞரே பலர் முன்னின்று கண்டித்தனர், ஏற்பாடு மாற்றப்பட்டது, அவ்விழாவிலேயே 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிறர் நமக்காக வழக்காடி வென்று தந்த ஆசனம் அது. அதில் அமர்ந்து பார்க்க நாம் வரவில்லையெனில் யாரைக் குறை கூறுவது?

பார்வையாளர் வெறும் பார்வையாளராயிராமல் உரிமையாளராகவும் ஆகலாம் என்பதற்குக் கேரளத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-இல் நண்பர்களுடன் 'ஒடேசா' என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகச் சென்று மக்களிடமே சிறு தொகைகளாகப் பணம் திரட்டினார். அப்பணத்தில் 'அம்ம அறியான்' (1986) எடுத்து, அதை மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். ஆயினும் பணம் கொடுத்தவரும் பார்த்தவரும் ஒருவரேயானால் கலைஞன் இரு எஜமானருக்கு ஊழியம் செய்ய வேண்டுவதில்லை என்பதை நிலைநாட்டிவிட்டுச் சென்றார். நம்மாலும் இது முடியாத காரியமா? கோயில் திருவிழாவில் ஒரே இரவில் வாணவேடிக்கையாக எரிந்து போகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஒரு சிறு படத்திற்கு அது போதும். தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ தோட்டத்துச் சமூகக் கூடத்திலோ, உரியவரின் அனுமதி பெற்று, மாதம் ஒரு நல்ல படத்தைத் திரையிட்டு, முடிந்தபின் அரை மணி நேரம் அதைப் பற்றி வாதிடலாம். ராய் முதலியோர் கல்கத்தாவில் செய்ததும் அதுவே. அவ்வாறு பயின்ற கூட்டத்தின் முன் பொய்ப்படம் நிற்காது.

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து, "மூவருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமெனில் அது என்ன சுதந்திரம்? முதலாளி ஒருவனாயிருந்தான், நீர் மூவரைக் காட்டுகிறீரே!" என்று நகைக்கலாம். நகைக்கட்டும். முதலாளிக்குக் காட்டும் கணக்கில் இலாபம் ஒன்றே கேள்வி. உழைத்தவருக்கும் காட்டப்பட்டவருக்கும் காண்பவருக்கும் காட்டும் கணக்கில் நீதி, மானம், உண்மை ஆகிய மூன்றும் கேள்வி. முன்னது பிறரால் நம்மீது சுமத்தப்படுவது. பின்னது நாமே விரும்பி ஏற்பது. நாமே தேர்ந்து ஏற்ற கடமைக்குக் கட்டுப்படுவதன்றிச் சுதந்திரத்திற்கு வேறு பொருள் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அரசாங்கத் தணிக்கை, உரிமச் சட்டம் ஆகியவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியும் வரும். 2006-இல் அமீர் முகம்மதுவின் 'கடைசிக் கம்யூனிஸ்ட்' பற்றிய படம் தணிக்கையில் தேறிய பின்னும் தடை செய்யப்பட்டது. அத்தகைய சோதனையில், தன் கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பவனே தளராமல் நிற்பான்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை படம் எடுக்கப் போகிறேன் என்றால், "சோறு போடுமா?" என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டபின், "யாருடைய கதையைச் சொல்லப் போகிறாய், அவர்களுக்கு என்ன செய்வாய்?" என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை இருந்தால் தடுக்காதீர். இளைஞரே, உத்தியோகத்தை அவசரப்பட்டு உதறாதீர். உத்தியோகத்தின் சுகத்தில் உறங்கியும் போகாதீர். ஐந்து நிமிடப் படமாயினும், அதில் வேலை செய்தவர் பெயரெல்லாம் எழுதி, உரியதைக் கொடுத்து, யாரைக் காட்டினீரோ அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகமும், எந்த விழாவும் தர முடியாத பட்டத்தையோ தண்டனையையோ அந்த முகம் உங்களுக்குத் தரும். அதை ஏற்கத் துணிந்தவரே சுதந்திரக் கலைஞர்.